ராய்னாவும் வடக்குச் சுவரும்

காசு வாங்கினாள் என்று யார் சொன்னது? கோச்சோவா? கோச்சோ எதைத்தான் சொல்லவில்லை! டான்யூப் ஆறு ஒருநாள் திரும்பி ஓடும் என்றுகூடச் சொல்வான், பக்கத்தில் ஒரு கோப்பை ரக்கியாச் சாராயம் இருந்தால். அவன் கண்ணால் கண்டது இவ்வளவுதான்: பொறியாளர் யாவோரின் கார் டிக்கியிலிருந்து ராய்னா ஒரு பெரிய பொட்டலத்தை இரண்டு கையாலும் அணைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அது பணமென்றால் அத்தனை பணத்தை அறுபத்திரண்டு வயதுக்காரி மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறியிருக்க முடியுமா? லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. பொட்டலத்தில் இருந்தது தெர்மோகோல். சுவருக்கு வெளியே ஒட்டப்போகும் பலகையின் மாதிரி. அதைச் சமையலறை நாற்காலியில் போட்டு, மேலே அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள், சூடு தங்குகிறதா என்று. தங்கியது. அதுதான் அவள் வாங்கிய லஞ்சம்.

ஆனால் இன்னொன்று சொல்கிறார்களே, வடக்குச் சுவரைத் துளைக்க வந்தவனைத் துளைக்கவிடாமல் இழுத்துக்கொண்டு போனாள் என்று, அது உண்மை. அதை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். ஏன் இழுத்துக்கொண்டு போனாள் என்பதுதான் கதை. அது தெரியாமல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்து, தொலியோடு சேர்த்து ஒருத்தியின் பெயரையும் துப்புவது அழகில்லை.

எட்டு மாடி, மாடிக்கு மூன்று வீடு. வடக்கு, நடு, தெற்கு. ரூசே நகரத்தின் ஓரத்தில், ருமேனியக் கரையிலிருந்து வருகிற காற்றுக்கு முதலில் முகம் காட்டி நிற்கிற கட்டடம். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை லாரியில் கொண்டுவந்து, சீட்டுக்கட்டு வீடு மாதிரி நிறுத்திச் சேர்த்தது. ராய்னா மூன்றாம் மாடியில் தெற்கு வீடு. எதிரே வடக்கு வீட்டில் லால்காவும் அவள் புருஷன் மெட்டோடியும். கட்டடப் பொறுப்பு பதினோரு வருஷமாக ராய்னாவிடம்தான் இருந்தது. நிலவறைச் சாவி, மொட்டைமாடிச் சாவி, வாசல் கதவில் அறிவிப்பு ஒட்டும் வேலை எல்லாம் அவளுடையது. இறந்தவர்களின் படம் போட்ட தாள்களுக்கு நடுவே இடம் தேடித்தான் அவள் "தண்ணீர் வராது" என்று ஒட்டுவாள்.

அந்த வருஷம் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய பலகைக் கட்டடங்களுக்கு வெளியே முழுக்கக் காப்புப் பலகை ஒட்டித் தருவார்களாம். குடியிருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கையெழுத்துப் போட்டால் போதும், செலவு அரசாங்கத்துடையது. ராய்னா அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு படியேற ஆரம்பித்தாள். முதல் மாடி ஸ்தெஃப்கா கதவுச் சங்கிலியை அவிழ்க்காமலே பேசினாள்.

"இலவசமா?"

"இலவசம்தான்."

"அப்ப எனக்கு வேணாம்."

"ஏண்டி?"

"இலவசமாக் குடுக்கறவன் எதையோ எடுத்துக்கத்தான் வருவான். எங்கப்பா நிலத்த இலவசமாப் பாத்துக்கறோம்னு ஒருதடவ கூட்டுப்பண்ணைக்காரங்க வந்தாங்க. நாப்பது வருஷம் பாத்துக்கிட்டாங்க."

"இது நிலமில்ல, சுவரு. சுவரத் தூக்கிட்டா போவான்?"

"தூக்கிட்டுப் போகத் தெரியாதவனா லாரில கொண்டாந்து நிறுத்தினான்?"

ராய்னா அன்றைக்குத் திரும்பிவிட்டாள். ஆனாலும் நான்கு முறை போனாள், ஐந்தாவது முறை ஸ்தெஃப்கா சங்கிலியை அவிழ்த்தாள்.

ஐந்தாம் மாடி கோச்சோ, டாக்சி ஓட்டுகிறவன், அவனுடைய கதை வேறு. அவன் தன் வீட்டுச் சுவருக்கு மட்டும் முன்பே காப்பு ஒட்டிவிட்டான். இங்கே எல்லாரும் செய்கிற காரியம்தான். கயிற்றில் தொங்கி வேலை செய்கிற ஆட்களைக் கூப்பிட்டு, தன் வீட்டு அளவுக்குச் சதுரமாக ஒட்டி, தனக்குப் பிடித்த நிறத்தைப் பூசிக்கொள்வது. எட்டு மாடியில் ஐந்து பேர் இப்படி ஒட்டி, ஐந்து நிறத்தில் கட்டடம் ஒட்டுப்போட்ட கால்சட்டை மாதிரி நின்றது. கோச்சோவுடையது பிஸ்தாப் பச்சை.

"அத உரிச்சுட்டு வேற ஒட்டுவாங்களாமே," என்றான். "என் பச்சை போயிடும்ல?"

"உன் பச்சைய நீயா பாக்கற? நீ உள்ள இருக்க. பாக்கறவன் எதிர்க் கட்டடத்துக்காரன்."

"எனக்கு வீடு சூடா இருக்குக்கா. நான் ஏன் கையெழுத்துப் போடணும்?"

"மேலயும் கீழயும் வெறும் கான்கிரீட்டு, நடுவுல நீ மட்டும் தெர்மோகோல். ஒத்தக் கைக்குக் கையுறை மாட்டிட்டு, குளுரே இல்லங்கறவன் மாதிரி பேசற. உன் தரையத் தொட்டுப் பாரு."

அவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். பிறகு தாளின் இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். "உனக்கு இதுல என்ன கிடைக்குதுன்னு மட்டும் தெரியலக்கா. கண்டுபிடிச்சிடறேன்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஒரே ஒருத்திதான் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். லால்கா. அடுப்பில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். கரிந்த தோல் ஒட்டிய விரலைத் துண்டில் துடைத்துவிட்டு, "எங்க போடணும்? நீ சொன்னா சரிதான் ராய்னா," என்றாள். ராய்னாவுக்கு அந்த வார்த்தை சுட்டது. தாளை வாங்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினாள். காபி குடிக்கக்கூட நிற்கவில்லை.

கையெழுத்து சேர்ந்தது. பொறியாளர் யாவோர் வந்தான். சுத்தமான பூட்ஸ் போட்ட இளைஞன். பையில் டிரில், மெல்லிய நீளமான கம்பி.

"சுவருக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்," என்றான். "அதப் பொறுத்துதான் வெளிய எவ்வளவு தடிமன் ஒட்டறதுன்னு கணக்குப் போடுவோம். வடக்குப் பக்கத்துல ஒரு ஓட்டை போட்டாப் போதும்."

லால்கா கதவைத் திறந்துவைத்து, சோபா மேல் விரிப்பைப் போட்டு மூடி, காத்திருந்தாள். யாவோர் அந்த வாசற்படியில் காலை வைத்துவிட்டான். அப்போதுதான் ராய்னா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வேணாம் தம்பி. மெட்டோடிக்கு மூச்சுக் கோளாறு. தூசி ஆகாது. என் சமையலறைல போடுங்க."

"அது தெற்குப் பக்கமாச்சே."

"எல்லாம் ஒரே தொழிற்சாலைல வந்த பலகைதான். நான் அங்க வேல பாத்தவ, எனக்குத் தெரியாதா?"

படியில் நின்ற ஸ்தெஃப்கா இதைப் பார்த்தாள். பார்த்ததை அன்றைக்கே எட்டு மாடிக்கும் ஏற்றினாள்.

ராய்னாவின் சமையலறைச் சுவரில் டிரில் இறங்கியது. முதலில் சாம்பல் தூள், பிறகு வெள்ளை வெள்ளையாகத் தெர்மோகோல் மணிகள், பிறகு மறுபடி சாம்பல். யாவோர் கம்பியை விட்டு அளந்தான். உள்ளே எட்டு சென்டிமீட்டர். "நல்லாவே வார்த்திருக்காங்க," என்றான். ராய்னா துடைப்பத்தால் அந்த மணிகளைக் கூட்டினாள். அவை துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

நல்லாவே வார்த்திருக்கிறார்கள். தெற்குச் சுவர் மாத நடுவில் வார்த்ததாக இருக்கும்.

அந்தத் தொழிற்சாலையில் ராய்னாவுக்கு இருபத்தொன்பது வயதில் இரண்டு வேலை. அச்சில் முதல் கான்கிரீட் படுகையை ஊற்றியதும் அதன் மேல் தெர்மோகோல் தாள்களை அடுக்குவது ஒன்று. பலகை இறுகிய பிறகு அதன் உள்முகத்தில் சிவப்புப் பெயின்டால் எண் எழுதுவது மற்றொன்று. அவள் ஏழு எழுதினால் அது கொஞ்சம் முதுகு வளைந்து, குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருக்கும். மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

எண்பத்திரண்டாம் வருஷம் டிசம்பர் கடைசி. ஆண்டுத் திட்டத்துக்கு இன்னும் இருபத்தொரு பலகை குறைந்தது. இருந்ததோ மூன்று நாள். மாதக் கடைசி என்றால் அங்கே எப்போதும் அப்படித்தான், முதல் பத்து நாள் சீட்டாட்டம், கடைசி மூன்று நாள் ஓட்டம். சிமெண்ட் இருந்தது, கம்பி இருந்தது, தெர்மோகோல் மட்டும் தீர்ந்துபோனது. மேஸ்திரி வந்து பார்த்தார். காலியான சிமெண்ட் பைகள் மூலையில் குவிந்து கிடந்தன.

"அந்தக் காகிதத்த மடிச்சு வை. மேல ஊத்து."

"இது காப்பாகுமா?"

"எண்ணிக்கை ஆகும். எந்த ஊர்ல எவன் குடியிருக்கப் போறானோ, உனக்கென்ன?"

அவள் மடித்து வைத்தாள். இருபத்தொரு பலகை. எல்லாவற்றிலும் மாதத்தோடு சேர்த்து எண் எழுதினாள். அந்தத் திட்டத்தை நிறைவேற்றியதற்காகத் தொழிற்சாலை ஆட்களுக்குப் புதுக் கட்டடத்தில் வீடு ஒதுக்கும் பட்டியலில் அவள் பெயரும் ஏறியது. இரண்டு வருஷத்தில் சாவி கிடைத்தது. குடிவந்த முதல் வாரம், எதிர்வீட்டுப் புதுப்பெண் லால்கா சுவருக்குக் காகிதம் ஒட்ட உதவி கேட்டாள். ராய்னா பசை வாளியோடு போனாள். படுக்கையறையின் வெறும் வடக்குச் சுவரில், மார்பு உயரத்தில், அந்த டிசம்பர் வரிசையின் சிவப்பு எண். முதுகு வளைந்த ஏழு.

"யார் எழுதினதோ, கோணலா இருக்கு," என்று லால்கா சிரித்தாள்.

ராய்னாவும் சிரித்தாள். நீலப் பூப்போட்ட காகிதத்தை அதன் மேல் வைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்து ஒட்டினாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இரண்டாம் வருஷம், கட்டிலுக்குப் பின்னால் முதல் கரும்புள்ளி வந்தபோது சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு. "நீ சன்னலத் திறக்கறதில்ல, அதான் பூசணம் பிடிக்குது." லால்கா திறந்தாள். "துணிய உள்ள காயப்போடாத." லால்கா பனியில் வெளியே போட்டாள். சட்டைகள் பலகை மாதிரி விறைத்துப்போய் உள்ளே வந்தன. "வினிகர்ல தொடை." சனிக்கிழமை தோறும் லால்கா ஓதம் ஏறிய சுவரைத் துடைத்தாள், முப்பது வருஷம். மெட்டோடி முகம் மழிக்கக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீர் வைத்தான், ஆவி படுக்கையறைக்குப் போகக்கூடாது என்று. அப்படியும் அவன் நெஞ்சுக்குள் ஒரு விசில் வந்து குடியேறியது. குளிர்காலத்தில் அது ராய்னாவின் வீடுவரை கேட்கும்.

இப்போது புரிகிறதா அந்தச் சட்டைக் கையை ஏன் பிடித்தாள் என்று? சுவருக்கு வெளியே காப்பு வந்துவிட்டால் உள்ளே என்ன இருந்தால் என்ன, யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். நினைப்புத்தான்.

அக்டோபரில் வரைபடம் வந்தது. எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் பலகை. ராய்னா அதைப் பார்த்துவிட்டு நேராக யாவோரின் அலுவலகத்துக்குப் போனாள்.

"வடக்குப் பக்கம் மட்டும் பன்னெண்டு போடுங்க தம்பி."

"ஏன்?"

"காத்து அந்தப் பக்கத்துலேருந்துதான் வருது."

"காத்தையும் சேத்துதான் கணக்கு. உள்ள எட்டு இருக்கு, வெளிய அஞ்சு. போதும்."

"உள்ள எட்டு இல்லேன்னா?"

யாவோர் பேனாவைக் கீழே வைத்தான். "இல்லேன்னாவா? நீங்கதானம்மா சொன்னீங்க, எல்லாம் ஒரே பலகைன்னு."

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன். உள்ள ஒண்ணுமே இல்லாத சுவருக்கு அஞ்சு ஒட்டினா என்ன ஆகும்?"

"ஓதம் கொஞ்சம் குறையும், போகாது. மூலையில நிக்கும். மேல பூச்சுப் பூசிட்டா அப்புறம் முப்பது வருஷத்துக்கு யாரும் அதத் தொட மாட்டாங்க." அவளை உற்றுப் பார்த்தான். "யாரும் பேச்சுக்குப் பன்னெண்டு கேக்க மாட்டாங்கம்மா. பலகை விக்கறவன் யாராச்சும் உங்ககிட்டப் பேசினானா?"

பாருங்கள், அவனும். ராய்னா எழுந்து வந்துவிட்டாள். முப்பது வருஷம் என்ற சொல் அவளோடு பஸ்ஸில் ஏறி வந்தது. மெட்டோடிக்கு முப்பது வருஷம் கிடையாது. லால்காவுக்கும் கிடையாது. அந்தச் சுவரைத் துடைத்துக்கொண்டே போய்ச் சேருவாள்.

அவள் பன்னிரண்டு கேட்ட செய்தி அவளுக்கு முன்னால் கட்டடத்துக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது. ரூசேயில் செய்திக்கு பஸ் தேவையில்லை.

வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கும் கூட்டம் வாசலில், கடிதப் பெட்டிகளுக்கு எதிரே நடந்தது. சிலர் வீட்டு நாற்காலியோடு இறங்கி வந்தார்கள், சிலர் படியில் உட்கார்ந்தார்கள். யாவோர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேச வாயெடுத்தான். கோச்சோ முந்திக்கொண்டான்.

"பொறியாளர் சார், ஒரு நிமிஷம். ராய்னாக்கா, பன்னெண்டு கேட்டீங்களாமே?"

"கேட்டேன்."

"ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் உங்களுக்கு எவ்வளவு?"

"வாயக் கழுவு."

"கழுவறேன். மொதல்ல இதச் சொல்லுங்க. வடக்குச் சுவத்தத் தொடவிடாம ஏன் உங்க வீட்டுக்கு இழுத்துட்டுப் போனீங்க? எதப் பேசி முடிக்க?"

"நான் பாத்தேன்," என்றாள் ஸ்தெஃப்கா. "சட்டையப் பிடிச்சு இழுத்தா. கல்யாணத்துல மாப்பிள்ளைய இழுக்கறாப்ல."

சிரிப்பு படியில் மேலே ஏறியது. யாவோருக்குக் காது சிவந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன் லால்கா எழுந்தாள். கூட்டத்தில் பேசியே அறியாதவள். இடுப்பில் கட்டிய சமையல் துணியைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றாள். "முப்பத்தொரு வருஷமா எதிர்வீடு. எம் புருஷனுக்குத் தூசி ஆகாதுன்னு தன் வீட்டுச் சுவத்த ஓட்டை போட்டுக்கிட்டா. நீங்க யாராச்சும் போடுவீங்களா? ராய்னா எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல."

யார் எதைச் சொல்லியிருந்தாலும் ராய்னா தாங்கியிருப்பாள். கோச்சோ இன்னும் நூறு கேட்டிருந்தாலும் எதிர்த்து நின்றிருப்பாள், அவ்வளவு முரட்டுக்காரி. இதைத் தாங்க முடியவில்லை.

"உட்காரு லால்கா," என்றாள். "நான் சொன்னது எல்லாம் பொய்தான்."

பிறகு சொன்னாள். நின்றுகொண்டே, கடிதப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். டிசம்பர், மூன்று நாள், இருபத்தொரு பலகை, சிமெண்ட் பை. நீலப் பூப்போட்ட காகிதம். சன்னல், துணி, வினிகர். எதையும் குறைக்கவில்லை, மேஸ்திரி மேல் பழியைப் போடவுமில்லை. அவர் செத்துப் பதினைந்து வருஷமாகிறது, போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஸ்தெஃப்காவின் வாயில் விதை அப்படியே நின்றது. கோச்சோ கேட்டான், கொஞ்சம் ஏமாந்த குரலில், "அப்ப காசு வாங்கலையா?"

"இதையும் நம்பாதீங்க," என்றார் படியிலிருந்து ஒருவர். "கதை கட்டறா. பன்னெண்டு வேணும்ல, அதுக்கு."

"ஓட்டை போடுங்க," என்றாள் ராய்னா. "இப்பவே போடுங்க."

முழுக் கூட்டமும் மூன்றாம் மாடிக்கு ஏறியது. லால்கா முன்னால் நடந்தாள். படுக்கையறையில் மெட்டோடி கட்டிலில் சாய்ந்திருந்தான். கட்டிலை அவனோடு சேர்த்து இழுத்துத் தள்ளினார்கள். ராய்னா சுவரின் ஓரத்தில் நகத்தை விட்டுக் காகிதத்தைக் கிழித்தாள். மேலே மஞ்சள், அதன் கீழ் கோடு போட்டது, அதன் கீழ் நீலப் பூ. மூன்றும் ஓதத்தில் ஊறி ஒரே தோலாக உரிந்து வந்தன. சிவப்பு எண் மங்கியிருந்தது, ஆனால் இருந்தது. யாவோர் எண்ணைப் பார்த்தான், ராய்னாவைப் பார்த்தான், ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினான்.

"ஏழு எழுதுங்க."

எழுதினாள். முதுகு வளைந்து, குனிந்து தேடுகிற ஏழு.

டிரில் இறங்கியது. சாம்பல் தூள். இன்னும் சாம்பல். எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு வெள்ளை மணிக்காகக் காத்திருந்தார்கள். முனையில் சுற்றிக்கொண்டு பழுப்பாக ஏதோ வந்தது. யாவோர் அதை விரலால் பிரித்தான். ஈரக் காகிதம். மறுபடி சாம்பல். அவ்வளவுதான் சுவர்.

மெட்டோடி நெஞ்சில் விசிலோடு சிரித்தான். "லால்கா, நான் முப்பது வருஷம் கதவச் சாத்திட்டு மூஞ்சி மழிச்சேனே," என்றான். "திறந்து வச்சே மழிச்சிருக்கலாம் போலயே."

வேறு யாரும் சிரிக்கவில்லை.

கணக்கு எல்லாம் மாறியது. வடக்குப் பக்கத்துக்குப் பன்னிரண்டு போதாது, பதினான்கு வேண்டும் என்றான் யாவோர். ஆனால் கோப்பு திரும்பிப் போக வேண்டும், புதிதாக வரைய வேண்டும், இந்த வருஷம் சாரம் கட்ட முடியாது. அடுத்த வசந்தத்தில் பார்க்கலாம் என்றான். அதைக் கேட்டதும்தான் கட்டடத்துக்கு உண்மையான கோபம் வந்தது. பொய் சொன்னதற்கு வராத கோபம், உண்மையைச் சொன்னதற்கு வந்தது. பதினாறு வீட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் போதும், வடக்குப் பக்கத்து எட்டு வீட்டுக்காக எல்லாரும் இன்னொரு குளிர்காலம் உறைய வேண்டுமா என்றார்கள். "முப்பது வருஷம் மூடின வாய, இன்னும் ஒரு ரெண்டு மாசம் மூடியிருக்கக்கூடாதா?" என்று ஸ்தெஃப்கா முகத்துக்கு நேராகவே கேட்டாள். சாவிக்கொத்தைக் கோச்சோ வாங்கிக்கொண்டான். இப்போது பெஞ்சில் புதுக்கதை: வேறொரு கம்பெனிக்காரன் வேலையைத் தள்ளிப்போடச் சொல்லி அவளுக்குப் பணம் கொடுத்தானாம். வேறு வேலை இல்லையா உங்களுக்கு?

ராய்னா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கேட்க நினைத்த சத்தம் வேறு. காலையில் காபி தயாரானால் லால்கா அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். குழாய் இரண்டு வீட்டுக்கும் பொது. தட்டினால் ராய்னா செருப்பை மாட்டிக்கொண்டு எதிரே போவாள். ஒன்பது நாளாகக் குழாய் பேசவில்லை. பத்தாம் நாள் முதல் உறைபனி விழுந்தது. எதிர்வீட்டிலிருந்து விசில் சத்தம் வந்தது. ராய்னா போய் மணியை அடித்தாள்.

லால்கா கதவை ஒரு கை அகலம் திறந்தாள்.

"என்ன?"

"நீயும் மெட்டோடியும் என் வீட்டுக்கு வாங்க. நான் இங்க இருக்கேன். சாரம் கட்டி முடியற வரைக்கும்."

லால்கா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அப்படி ஒரு பார்வை அவள் கண்ணில் இருக்கிறது என்று ராய்னாவுக்கு அதுவரை தெரியாது.

"என்ன தந்திரம் இது?"

"தந்திரம் இல்ல."

"சன்னலத் திறன்ன, திறந்தேன். துணிய வெளிய போடுன்ன, போட்டேன். வினிகர்ன்ன, கை தோலு போற வரைக்கும் தொடச்சேன். இப்ப வீட்ட மாத்திக்கோங்கற. மாத்தினதுக்கு அப்புறம் எதத் தொடைக்கச் சொல்லுவ?"

"எதையும் இல்ல. மெட்டோடிக்கு மூச்சு..."

"அவன் மூச்சப் பத்தி நீ பேசாத."

கதவு மூடியது. மறுநாள் லால்காவே வந்தாள், கையில் ஒரு தாளோடு. கோச்சோவை வைத்து எழுதியிருந்தாள். ராய்னா வடக்கு வீட்டில் எந்த உரிமையும் கேட்கக்கூடாது. தெற்கு வீட்டின் இரண்டு சாவியும் லால்காவிடம் இருக்க வேண்டும். லால்கா எந்த நாளும், சொல்லாமலும், தன் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். கட்டில் வடக்குச் சுவரை ஒட்டித்தான் கிடக்க வேண்டும்.

ராய்னா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"கட்டில் சன்னல் பக்கம் இருக்கட்டும். எனக்கு முதுகுவலி."

"சுவத்த ஒட்டி. இல்லேன்னா வேணாம்."

"சரி, சுவத்த ஒட்டி. பால்கனில என் முட்டைக்கோஸ் பீப்பாய் இருக்கு. பாதி எனக்கு."

"எனக்கு உன் முட்டைக்கோஸே வேணாம். அதுல என்னத்தப் போட்டு அடைச்சிருக்கியோ."

"உப்பு, லால்கா. உப்பும் தண்ணியும்."

"பாத்துக்கறேன்," என்றாள் லால்கா. பாதி என்று தாளில் எழுதிக்கொண்டார்கள்.

வீடு தோறும் மீன் சமைக்கும் நிகோலாஸ் திருநாள் முடிந்த மறுநாள் காலை மாறினார்கள். படிக்கட்டில் மீன் பொரித்த வாசனை இன்னும் இருந்தது. மெட்டோடியை முதலில் கூட்டிவந்தார்கள். அவன் ராய்னாவின் சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்து, எடுக்காமலே இருந்தான். "காஞ்சிருக்கு," என்றான். லால்கா அவன் பக்கத்தில் நிற்கவில்லை. அறை அறையாகப் போய் ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தாள், கட்டிலை நகர்த்திப் பார்த்தாள். ராய்னா நடையில் இரண்டு கம்பளி, ஒரு தலையணை, ரேடியோ, ஒரு வாளி இவற்றோடு காத்திருந்தாள். பெஞ்சுக்காரர்கள் நான்கைந்து பேர் படியில் நின்று, அவள் எதை எடுத்துப் போகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"கம்பளி எதுக்கு ரெண்டு?" என்றாள் ஸ்தெஃப்கா.

"ஒண்ணு உனக்குத் தரவா?"

லால்கா வெளியே வந்து கையை நீட்டினாள். ராய்னா இரண்டு சாவியையும் கொடுத்தாள். லால்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுத் திருப்பிச் சரிபார்த்தாள்.

"மூணாவது இல்லையே?"

"இல்ல."

"போ, அப்ப."

ராய்னா வாளியைத் தூக்கிக்கொண்டு வடக்கு வீட்டு வாசலைத் தாண்டினாள். அவள் பின்னால் அவளுடைய கதவை லால்கா உள்ளிருந்து இரண்டு சுற்றுப் பூட்டினாள்.